முதலில் தண்ணீர், பிறகு தூண்டில்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் டோம்பிவிலி ஸ்டேஷனில் கூட்டம் குறைவு. வாரத்தில் ஆறு நாளும் மும்பையை நோக்கிப் பிதுங்கி வழியும் ஊர், அன்று ஒரு நாள் மட்டும் புரண்டு படுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் மேற்குப் பக்கம் ரேதி பந்தர் சாலையில் நடந்து போகும் சிலரின் கையில் நீளமான பை ஒன்று இருக்கும். உள்ளே இருப்பது தூண்டிற்கோல். தோள்பையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் தடுப்புத் தடுப்பாக முப்பது நாற்பது பொய் மீன்கள். வெள்ளி நிறத்தில், தங்க நிறத்தில், கிளிப்பச்சையில், ரப்பரில், மரத்தில். உல்லாஸ் நதி கடலோடு கலக்கும் காடியின் கரைக்கு இந்த டப்பாவோடு போகிறவர்களில் பலர் வெறும் கையோடு திரும்புகிறார்கள். அடுத்த சம்பளத்தில் டப்பாவில் இன்னும் இரண்டு பொய் மீன்கள் சேரும்.

கடைக்காரரிடமும் கூட்டாளிகளிடமும் இவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த லூர் நல்லது? தூண்டில் வீசும் கலையில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. மீன் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, எப்போது வாய் திறக்கும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் டப்பாவில் நான்கு இரை போதும். தெரியாவிட்டால் நானூறு இருந்தாலும் பயனில்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம், செயற்கை இரைத் தொழிலின் தாய்வீடு அமெரிக்கா என்பது. அங்கே தூண்டில்காரர்களின் செல்ல மீன் 'பாஸ்'. பெரிய வாய், நன்னீர் ஏரிகளில் களைகளுக்கும் விழுந்த மரங்களுக்கும் இடையே பதுங்கியிருந்து பாயும் சுபாவம். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. அந்தச் சாதனையை எட்டிப்பிடிக்க 77 ஆண்டுகள் ஆயின. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா ஏறத்தாழ அதே எடையில் ஒன்றைத் தூக்கினார். ஜப்பானுக்கு இந்த மீன் 1925-ல் வேட்கையோடு கொண்டுவரப்பட்டது. பின்னர் அது உள்ளூர் மீன்களைத் தின்று தீர்ப்பதைப் பார்த்த அரசு, 2005 முதல் அதை உயிரோடு எடுத்துச் செல்வதையும் வேறு நீரில் விடுவதையும் சட்டப்படி தடுத்துவிட்டது.

உல்லாஸ் நதிக்கு அமெரிக்க பாஸ் தேவையில்லை. இங்கே பாஸ் குணம் கொண்ட சொந்த மீன்கள் இரண்டு உண்டு. ஒன்று கொடுவா. மராட்டியில் ஜிதாடா, வங்காளியில் பேட்கி, தெலுங்கில் பண்டுகொப்பா, ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. இன்னொன்று விரால், மராட்டியில் மரள். முன்னது கழிமுகத்தின் உவர் நீரில் வாழ்வது. பின்னது குளம், குட்டை, வயல் வாய்க்கால்களின் மீன். இரண்டும் துரத்திப் பிடிப்பதை விட மறைந்திருந்து பிடிப்பதையே விரும்புகின்றன. இந்த ஒரு குணம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

பதுங்கி வேட்டையாடும் மீன் வெட்ட வெளியில் நிற்காது. அதற்கு மூன்று வசதிகள் வேண்டும்: முதுகுக்குப் பின்னால் ஒரு மறைவு, முகத்துக்கு எதிரே இரையைக் கொண்டுவரும் நீரோட்டம், இரண்டுக்கும் நடுவே தான் களைக்காமல் நிற்க ஒரு நிதானமான நீர். டோம்பிவிலிக் கரையில் இவை கூடும் இடங்களை எண்ணிவிடலாம். மோட்டாகாவ் பாலத்தின் தூண்கள். திவா-வசாய் ரயில் பாதையின் பாலத் தூண்கள். நீரோட்டம் தூணில் மோதிப் பிரியும்போது அதன் பின்புறம் ஒரு சுழி உண்டாகிறது. மீன் நிற்பது அந்தச் சுழியின் விளிம்பில். இரையை வீச வேண்டியது தூணுக்கு மேல்நீரில்; ஓட்டமே அதை மீனின் முகத்தெதிரே கொண்டுபோய்ச் சேர்க்கும். தூணின் மேலேயே வீசுகிறவர் கான்கிரீட்டைத்தான் பிடிக்கிறார்.

அடுத்தது அலையாத்திக் காடுகளின் ஓரம். நீர் ஏறும்போது சின்ன மடவை மீன்களும் இறாலும் அந்த வேர்களுக்குள் புகுந்து மேய்கின்றன. நீர் வற்றும்போது வேறு வழியின்றிச் சிறு வாய்க்கால்கள் வழியாக வெளியே வந்தாக வேண்டும். வாய்க்கால் காடியில் சேரும் மூலையில் கொடுவா காத்திருக்கும். கல்யாணப் பந்தல் வாசலில் நிற்பவருக்கு ஊரில் யார் யார் வந்தார்கள் என்று தெரிவதுபோல, அந்த மூலையில் நிற்கும் மீனுக்கு எந்த இரையும் தப்பாது. மடவைக் குஞ்சுகள் திடீரென்று சிதறித் துள்ளுவது, மீன்கொத்தி ஒரே கொம்பை விட்டு நகராதிருப்பது, கொக்குகள் ஒரு வளைவில் மட்டும் வரிசை கட்டுவது எல்லாம் இலவசத் தகவல்கள். கரைக்கு வந்ததும் முதல் கால்மணி நேரம் தூண்டிலைப் பையிலேயே வைத்துவிட்டு இவற்றைப் பார்த்திருப்பது நல்ல பழக்கம்.

இடம் தெரிந்த பிறகு நேரம். தமிழகக் கிழக்குக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு இது புதுப் பாடம். சென்னையில் கடல் ஏறி இறங்குவது பெரிய ஓத நாட்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர். மும்பையில் அது ஐந்து மீட்டரை நெருங்கும். காலையில் முழங்கால் நீர் இருந்த இடத்தில் மத்தியானம் ஆள் முழுகலாம். இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கொங்கண் கரையில் ஒரு வாய்ப்பாடு வழங்குகிறது: திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் ஏற்றம் உச்சிக்கு வரும் நேரம். சதுர்த்தி என்றால் 4-ல் முக்கால், அதாவது 3 மணி. அஷ்டமி என்றால் 6 மணி. பகலிலும் இரவிலும் ஏறத்தாழ அதே நேரம். வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் ஒரே கணக்கு. வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கவிடும் தமிழர்களுக்கு இதைவிட வசதியான அட்டவணை கிடையாது.

இது கடல் முகத்துக்கான கணக்கு. அந்த நீர் வசாய்ப் பக்கத்திலிருந்து வளைந்து வளைந்து டோம்பிவிலி வரை ஏற மேலும் நேரம் பிடிக்கும். எவ்வளவு நேரம் என்பதை அவரவர் நிற்கும் இடத்தில் பார்த்தே அறிய வேண்டும். கரையில் ஒரு கல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, நீர் அதைத் தொடும் நேரத்தை இரண்டு மூன்று வாரம் குறித்துக்கொண்டால் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் கடுமை. அடிச்சேறு கிளம்பி நீர் டீயின் நிறத்துக்கு வந்துவிடும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் மந்தம், நீர் சற்றுத் தெளிவு. கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீனுக்குத் தெளிவு வேண்டும், இரை நகர ஓட்டமும் வேண்டும். ஆகவே அஷ்டமிக்கு ஓரிரு நாள் முன்னும் பின்னும் வருவது நல்ல கணக்கு. நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று பெரியவர்கள் ஒதுக்கிவைத்த அஷ்டமியும் நவமியும் தூண்டில்காரருக்கு ஆகாத நாட்கள் அல்ல.

இப்போதுதான் டப்பாவைத் திறக்கும் முறை. 1936-ல் பின்லாந்தில் லௌரி ராப்பாலா என்ற ஏழை மீனவர், கூட்டமாகப் போகும் சிறு மீன்களில் எதைப் பெரிய மீன் கவ்வுகிறது என்று கவனித்தார். நொண்டிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து தள்ளாடி நீந்துவதைத்தான். செருப்புத் தைக்கும் கத்தியால் தக்கையைச் செதுக்கி, மேலே சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, அந்தத் தள்ளாட்டத்தைச் செய்துகாட்டினார். உலகம் முழுவதும் விற்கும் ராப்பாலா இரைகளின் தொடக்கம் அதுதான். அவர் பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது அந்த நடைக்காக. நிறம், மிட்டாய்த் தாளில் கிடைத்த நிறம்.

அதே வரிசையில் யோசித்தால் தேர்வு எளிது. முதலில் ஆழம். மீன் அடியில் நிற்கும்போது மேலே மிதக்கும் இரை வீண். ஓட்டமுள்ள ஆழமான தூண் அருகே, ஈயத்தலைக் கொக்கியில் கோத்த ரப்பர் மீன் அடி வரை இறங்கும். அலையாத்தி ஓரத்தின் ஆழமற்ற நீரில் அரை மீட்டர் முங்கும் மர அல்லது பிளாஸ்டிக் மீன் போதும். விடியலிலும் அந்தியிலும் நீர் அசையாமல் இருந்தால் மட்டும் மேல்மட்ட இரை. இரண்டாவது அளவு. அன்று நீரில் ஓடும் மடவைக் குஞ்சு விரல் நீளம் என்றால் இரையும் விரல் நீளம். மூன்றாவது நடை: இழுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. இரண்டு சுற்று சுற்றி, ஒன்று இரண்டு மூன்று எண்ணும் வரை நிறுத்த வேண்டும். கொடுவா பெரும்பாலும் கவ்வுவது அந்த நிறுத்தத்தில்தான். காயம்பட்ட மீன் மூச்சு வாங்குவதாக அது எண்ணிக்கொள்கிறது. பொறுமையற்றவர்கள் தோற்கும் இடமும் அதுவே.

நிறம் கடைசி. தெளிந்த நீரில் வெள்ளி, மடவையின் சாம்பல். கலங்கிய நீரில் தங்கம், கிளிப்பச்சை, அல்லது நிழலாகத் தெரியும் கறுப்பு. நன்றாகக் கலங்கிவிட்டால் மீன் கண்ணை விட உடலின் பக்கக்கோட்டை நம்புகிறது. நீரின் அதிர்வை அது அந்த உணர்வு நரம்புகளால் அறிகிறது. அப்போது உள்ளே குண்டுகள் கிலுகிலுக்கும் இரையோ, அகலமான வாலை அடிக்கும் ரப்பர் மீனோ உதவும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு போன்றது. ஆகவே பின்னல் நூலின் முனையில் முழ நீளத்துக்காவது 40 பவுண்டு தாங்கும் தடித்த நைலான் இழை கட்ட வேண்டும். மீனின் செவுளுக்குள் விரலை விடக் கூடாது.

விராலுக்குச் சட்டம் வேறு. செவுளோடு, காற்றையும் சுவாசிக்கும் மீன் அது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்தாக வேண்டும். கல்யாண், பத்லாப்பூர் பக்கத்துக் குட்டைகளில் ஆகாயத் தாமரை இலைகளுக்கு நடுவே 'பளக்' என்று ஒரு வளையம் விரிந்தால் விலாசம் கிடைத்துவிட்டது. கொக்கி முனை உடலோடு ஒட்டி மறைந்திருக்கும் ரப்பர் தவளையை இலை மேல் போட்டு, இலையிலிருந்து வெறும் நீரில் நழுவவிட வேண்டும். தண்ணீர் வெடித்ததும் பதறி இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, நூல் இறுகிய பிறகு இழுக்க வேண்டும். மழைக்காலத்தில் குங்குமம் கொட்டியதுபோல் சிவந்த குஞ்சுக் கூட்டம் ஒன்று மேலே மிதப்பதைக் காணலாம். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். குஞ்சுகளை நெருங்கும் எதையும் அவை கடிக்கும் என்பதால் அங்கே பிடிப்பது மிகச் சுலபம். ஆனால் காவல் போனால் சில நிமிடங்களில் மற்ற மீன்கள் குஞ்சுகளை முடித்துவிடும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துபோவதுதான் முறை.

இந்த இரண்டு மீன்களுக்கும் இடையே உள்ள சுவாச வித்தியாசம் டோம்பிவிலியில் வெறும் உயிரியல் பாடம் அல்ல. விரால் காற்றைக் குடிப்பதால் பிராணவாயு குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். ஒரு குட்டையில் விரால் இருப்பதால் அந்த நீர் நல்ல நீர் என்று ஆகாது. கொடுவாவுக்கு அந்தச் சலுகை இல்லை. நீரில் கரைந்த பிராணவாயுவை நம்பித்தான் அது வாழ வேண்டும்.

ராஜ்மாச்சி மலைப்பக்கம் தெளிவாகப் பிறக்கும் உல்லாஸ், கர்ஜத், பத்லாப்பூர் வழியாகக் கல்யாணுக்கு வருவதற்குள் பல நகரங்களுக்குக் குடிநீர் கொடுத்துவிட்டு அவற்றின் சாக்கடையையும் வாங்கிக்கொள்கிறது. அம்பர்நாத், உல்லாஸ்நகர் கழிவுகளோடு வால்துனி ஆறு வந்து சேர்கிறது; தொழிற்பேட்டைகளின் கழிவும் சேர்கிறது. வனசக்தி என்ற அமைப்பு 2013-ல் தொடர்ந்த வழக்கில் 2015 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், கழிவு சுத்திகரிப்பு நிலையங்களும் நகராட்சி அமைப்புகளும் கோடிக்கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. காடியின் அடியிலிருந்து உறிஞ்சு பம்புகளால் திருட்டு மணல் எடுப்பதும், அதிகாரிகள் அவ்வப்போது பம்புகளைப் பிடித்து அழிப்பதும் செய்திகளில் வருவதுண்டு. மணல் போன இடத்தில் மீன் நிற்கும் மேடும் பள்ளமும் போய், சேற்றுக் குழி மிஞ்சுகிறது.

இதனால் தூண்டில் புத்தகங்களின் பொதுவிதி இங்கே சில இடங்களில் தலைகீழாகிறது. நீர் வற்றும் கடைசி இரண்டு மணி நேரமே சிறந்தது என்று உலகெங்கும் சொல்வார்கள். நல்ல நீருள்ள கழிமுகத்துக்கு அது சரி. ஆனால் வற்றும் நீர் மேலே உள்ள நகரங்களின் கழிவை இறக்கிக்கொண்டு வரும் இடத்தில், மூச்சுவிடத் தகுந்த நீர் கடலிலிருந்து வருவதுதான். மீனும் அதனோடு ஏறி வந்து, அதனோடு இறங்கிவிடும். அங்கே ஏற்றத்தின் முதல் பாதியில் வீச வேண்டும். நீரில் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம், பாலங்களின் அடியில் கலையாத நுரை ஆகியவை தெரிந்தால் எந்த லூரும் வேண்டாம், வீட்டுக்குத் திரும்பலாம். ஆலைக் கழிவு கலக்கும் இடத்தில் பிடித்த மீனைச் சமைப்பதும் புத்திசாலித்தனம் அல்ல. கன உலோகங்கள் குழம்பில் கொதித்துப் போய்விடுவதில்லை.

பிடித்த கொடுவாவை என்ன செய்வது என்பதற்கும் அதன் வாழ்க்கையே பதில் சொல்கிறது. கொடுவா ஆணாகத்தான் முதிர்ச்சி அடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்து, உடல் பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய மீன்களில் பெரும்பாலானவை பெண். ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் முட்டையிடக் கூடியது. படம் எடுத்து மாட்ட ஆசைப்படும் மீன்தான் காடிக்கு மிகவும் தேவையான மீன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது: 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதும் நீருக்கே திரும்ப வேண்டும். உண்ண விரும்புகிறவருக்குப் பண்ணைக் கொடுவா உண்டு. சென்னையை மையமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே முட்டுக்காட்டில் இந்த மீனை முதன்முதலாகப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்து வெற்றி கண்டது. கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி, ஈரக்கையால் மீனைத் தாங்கி, நீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றினால் அது பிழைத்துவிடும்.

அலையாத்திக்கும் பாதுகாப்பு உண்டு. 2005-ல் மும்பை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் அந்தக் காடுகளை அழிக்கத் தடை விதித்தது. 2018-ல் அதை இறுதித் தீர்ப்பாகவே உறுதிசெய்தது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. மண் கொட்டும் லாரி இரவில் வருகிறது. விடிந்ததும் அதை முதலில் பார்க்கக் கூடியவர்கள், காடியை நம்பிப் பிழைக்கும் கோளி, ஆக்ரி மக்களுக்கு அடுத்தபடி, தூண்டில்காரர்கள்தான்.

ஆகவே டப்பாவில் இன்னொரு லூர் வாங்கும் காசுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கலாம். தேதி, திதி, நீர் கல்லைத் தொட்ட நேரம், நீரின் நிறம், வாசனை, மடவை துள்ளியதா, எந்த இரை, எந்த ஆழம், என்ன கிடைத்தது என்று ஒரு வரி. ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுத வேண்டும். ஒரு வருஷத்தில் அது மீன் எங்கே என்று சொல்லத் தொடங்கும். ஐந்து வருஷத்தில், மீன் எந்த மூலையை விட்டு எப்போது போனது என்றும் சொல்லும். இந்தக் காடியைப் பற்றி நாளை யாராவது விசாரிக்க வந்தால் எடுத்து நீட்ட அது உதவும்.